பதினாலு கொடுக்கும் வண்டி

எங்கள் பக்கத்தில் மாடு பால் கொடுப்பதுபோல வண்டி மைலேஜ் கொடுக்கும். புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் பார்க்கிறவர் முன் டயரை லேசாக ஓர் உதை உதைத்துவிட்டு, "எவ்ளோ குடுக்குது?" என்பார். என்ன விலை, கடனில் எடுத்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதில் சொல்ல ஓர் எண் தயாராக இல்லாதவன் வண்டி வாங்கவே லாயக்கில்லை.

அந்த எண்ணைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இதை நான் திருக்கழுக்குன்றத்து வண்டி ஸ்டாண்டில்தான் தெரிந்துகொண்டேன். லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கும் வண்டியைப் பதினாலு என்று சொல்வார்கள். கேட்டவர் மனசுக்குள் ரெண்டைக் கழித்துக்கொண்டு, "பரவால்லயே" என்பார். சொன்னவருக்கும் திருப்தி, கேட்டவருக்கும் திருப்தி. பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சட்டை எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதுபோல அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

நான் இந்தப் பக்கத்துக்காரன் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்து வந்தவன். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. அழுத்தமானி, வெப்பமானி, வெற்றிடமானி என்று எது வந்தாலும் அது உண்மையைத்தான் காட்டுகிறதா என்று பார்த்து, ஒரு சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போடுவேன். ஒரு தசம இலக்கம் இடறினாலும் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டிலும் இதே வம்புதான். பஸ் அரை மணி நேரம் லேட் என்று மனைவி சொன்னால், இருபத்திரண்டு நிமிஷம் என்று திருத்துவேன். அவள் முறைப்பாள். அவள் வீட்டார் என்னை அளவு ஆபீஸ் மாப்பிள்ளை என்பார்கள். அதில் கிண்டலும் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

அப்படிப்பட்ட நான் ஒரு பிக்கப் வாங்கினேன். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி, லாரி எஞ்சினின் உறுமல். ஆராய்ச்சி நிலையத்தின் நகரியத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் வீட்டு வாசலில் சின்னக் கார்கள் அடக்கமாக நிற்கும். என் வண்டி பக்கத்து வீட்டு கேட்டையும் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. எதை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொன்னேன். உண்மையில் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக வேண்டும் என்று ஆசை, வாங்கிவிட்டேன். சம்பளக்காரனுக்கு இது அதிகம் என்று எனக்கே தெரிந்ததால் கூச்சமாகவும் இருந்தது.

வாங்கிய முதல் மாதமே அளந்துவிட்டேன். அளக்கும் விதம் எளிது. பங்க்கில் டீசலைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். பம்ப் தானாக நின்றதும் வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு ஓட்ட வேண்டும். திரும்பி வந்து அதே பங்க்கில், அதே பம்ப்பில், அதே அளவு கழுத்துக்கு நிரப்பினால் எத்தனை லிட்டர் குடித்தது என்று தெரிந்துவிடும். நான் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் பத்தே முக்கால் வந்தது. கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்ததற்கும் இதற்கும் இருந்த தூரத்தில் ஒரு சைக்கிளே ஓட்டலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். மனைவியின் தம்பி டயரை உதைத்தான்.

"இன்னா மாமா, எவ்ளோ குடுக்குது?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். வண்டி வேண்டாம் என்று கடைசிவரை சொன்னவள் அவள்தான். பத்தே முக்கால் என்பது வாய்வரை வந்தது.

"பதினாலு" என்றேன்.

ஊர் வழக்கப்படி ரெண்டு கூட்டுவது என்றாலும் பன்னிரண்டே முக்கால்தான் வர வேண்டும். நான் மூன்றே காலைக் கூட்டியிருந்தேன். முதல் பொய் சொல்கிறவனுக்கு அளவு தெரிவதில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். படபடவென்று பேசுவான், உடனே சிரிப்பான். கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவர் வண்டியை ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியை நர்சரி ஆக்கி, புல்தரையும் பனை வகைக் கன்றுகளும் வளர்த்தார்கள். கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகளுக்கும் புதுப் பிளாட்டுகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டர், செடிகளை நேரே இடத்தில் கொண்டுவந்து இறக்கித் தந்தால் வருஷம் முழுக்க வேலை தருகிறேன் என்றார். அதற்கு வண்டி வேண்டும்.

ஒரு மாதத்தில் மச்சான் செகண்ட் ஹேண்டில் பிக்கப் ஒன்று எடுத்தான். என் வண்டியின் அதே மாடல், ஒரு வருஷம் பழையது. வேன் வேலையை விட்டுவிட்டான். ஒரு நடைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்டரிடம் ஒரு வருஷத்துக்குப் பேசி முடித்தான். லிட்டருக்குப் பதினாலு என்று வைத்துக்கொண்டு அந்தத் தொகையைப் போட்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்றே சொல்லியிருக்கலாம். மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். நான் வேறு பேச்சை எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"மாமா, பேஜாரா கீது. வண்டி ஒம்போதரைதான் குடுக்குது. நீங்க பதினாலு ஓட்டறீங்க, எனக்கு ஒம்போதரை. இன்னா தப்பு பண்றேன்னு தெரியல."

லோடு ஏற்றுகிறாய் அல்லவா, அதனால்தான் என்றேன்.

"லோடுக்கு ஒண்ணு கொறையும், ரெண்டு கொறையும். நாலரை கொறையுமா? நீங்க அளவு தெரிஞ்சவரு. நீங்கதான் கூட இருந்து பாக்கணும். இப்டியே போச்சுன்னா வண்டிய வித்துட்டு மறுபடி வேனுக்குத்தான் போவணும். அவளும் அதத்தான் சொல்லிகினு கீறா."

அவள் என்றது அவன் மனைவியை. நான் சரி என்றுதான் சொன்னேன். இப்படித்தான் நானும் அவனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அளக்க ஆரம்பித்தோம்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் செங்கல்பட்டில் ஒரு பங்க்கில் கழுத்துவரை நிரப்புவோம். சூட்டில் டீசல் விரியும், அதனால் காலையில்தான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கடற்கரைச் சாலையில் கோவளம், திரும்பிக் கேளம்பாக்கம். வந்த வழியே திரும்ப. பங்க்கில் நான் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டுவேன், அவன் இன்னொரு பக்கம் ஆட்டுவான். பம்ப் போடுகிறவருக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "அண்ணாத்த, தூளில போட்டு ஆட்டுங்க, தூங்கிடும்" என்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு வந்தேன். இருபது கல் தாண்டியபோது வண்டியின் மீட்டர் பத்தொன்பதைத்தான் காட்டியது. பழைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தார். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் என்றே எண்ணிக் குறைத்துக் காட்டும். வண்டி ஓடிய தூரத்தில் இருபதில் ஒரு பங்கு கணக்கிலேயே வரவில்லை. இதை விளக்கியதும் மச்சான் வண்டியை ஓரம்கட்டிவிட்டான்.

"அப்ப நம்ம வண்டி பத்து குடுக்குதா?"

"பத்து."

"மாமான்னா மாமாதான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். மாமல்லபுரத்தில் வடையும் பொங்கலுமாக நாஸ்தா வாங்கிக் கொடுத்தான். எனக்குச் சாப்பாடு இறங்கியது, அதைத்தான் இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

அடுத்து மாற்றங்கள் தொடங்கின. பெரிய டயரைக் கழற்றி, கம்பெனி அளவிலேயே மாட்டினான். சென்னையில் ஒரு கடைக்காரர், டீசல் குழாயில் மாட்ட இரண்டு காந்தம் கொடுத்தார். காந்தத்தின் நடுவே போகும்போது டீசல் வரிசையில் நின்று போகுமாம், நன்றாக எரியுமாம். அளந்து பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் காந்தம் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்த மாதிரி ஏர் ஃபில்டர் ஒன்று வைத்தான். மைலேஜ் குறைந்தது. ஃபில்டரின் மேல் தப்பில்லை. சத்தம் கம்பீரமாக இருந்ததால் அவன் கால் தானாக அழுத்தியது. முன்னால் இருந்த இரும்பு பம்பரையும் கூரை மேலிருந்த கேரியரையும் கழற்றினான், கொஞ்சம் ஏறியது. பனங்கன்றுகளை நிற்க வைக்காமல் சாய்த்துப் படுக்க வைத்து மேலே வலை இழுத்துக் கட்டினான், இன்னும் கொஞ்சம் ஏறியது. எண்பதில் ஓட்டியவனை அறுபதில் ஓட்டச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கொடுத்தது. கழற்ற ஒன்றுமில்லாத, கடையில் விற்காத மாற்றம் என்பதால் அவனுக்கு அதில் உற்சாகம் வரவில்லை.

ஏசியை நிறுத்தினான். ஸ்டெப்னி டயரை வீட்டில் வைத்தான். பின் சீட்டைக் கழற்றி எங்கள் வீட்டு ஹாலில் கொண்டுவந்து போட்டான். அவனுடைய பெண் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி விட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அப்பா வண்டியில் அவள் உட்காரும் இடம் அந்தச் சீட்டுதான். அது ஹாலுக்கு வந்ததும் அதிலேயே உட்கார்ந்து டி.வி. பார்க்க ஆரம்பித்தாள். சீட் பெல்ட்டையும் சேர்த்துக் கழற்றி வந்திருந்ததால் அதையும் மேலே போட்டுக்கொள்வாள்.

ஐந்து மாதத்தில் வண்டி பன்னிரண்டைத் தொட்டது. லோடோடு பன்னிரண்டு. அந்த மாடலில் அப்படி ஓட்டுகிற ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. என் வண்டியை அவன் எப்போதோ தாண்டிவிட்டிருந்தான். ஸ்டாண்டில் பன்னிரண்டு என்று அவன் சொன்னால் எல்லோரும் ரெண்டைக் கழித்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அவனுக்குத் தூக்கமில்லை. வேலையில் நான் தினமும் பார்ப்பது இது: கருவியில் ஊசி ஆரம்பிக்கும் இடமே தப்பாக இருந்தால், பிறகு எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அத்தனையும் தப்பு. பூஜ்யப் பிழை என்போம். அவனுக்கு அந்தப் பிழையை நானே வைத்துவிட்டு, அதன் மேல் ஞாயிறுதோறும் தசமத்தில் அளந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவன் சொன்னான். "வண்டில ஒரு கொறையும் இல்ல மாமா. என் காலுதான் கனம். வேன் ஓட்டிப் பழகுன காலு. உங்கள மாரி வராது."

எனக்குக் கோபம் வந்தது, அவன் மேலேயே. இவ்வளவு நம்புகிறவனை என்ன செய்வது?

பிறகு ஒரு யோசனை சொன்னான். "உங்க வண்டியும் என் வண்டியும் ஒண்ணா ஒரே ரூட்ல போட்டுப் பாத்துடலாமா? நீங்க எப்டி ஓட்டறீங்கன்னு பின்னாலயே வந்து கத்துக்கறேன்."

கிளச்சில் ஏதோ சத்தம் வருகிறது, இப்போது வேண்டாம் என்றேன். அதோடு விடவில்லை. பொய்க்குச் சாட்சி வேண்டுமே என்று, ஒரு கோளாறும் இல்லாத வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஒரு வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு ராயல் பாம் என்ற அலங்காரப் பனைக் கன்றுகள் போக வேண்டியிருந்தது. அதையே அளவு நடையாக வைத்துக்கொள்ளலாம் என்று நானும் ஏறினேன். அன்று அவன் முகத்தில் ஒரு ரகசியம் இருந்தது.

"இன்னிக்குப் பதிமூணத் தாண்டிடும் பாருங்க" என்றான்.

ரகசியம் மாமல்லபுரம் தாண்டியதும் தெரிந்தது. சாலை லேசாக இறங்கும் இடங்களில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டினான். வேகம் குறைந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்தான். பழைய லாரிக்காரர்கள் கட் பண்ணி உருட்டுவது என்பார்கள்.

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி வண்டியில் பிரேக் காலுக்கு மெத்தென்று அமுங்குவது, ஓடும் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தால். எஞ்சின் நின்றபின் ஒரு மிதி, இரண்டு மிதி பிடிக்கும். அதற்குமேல் பெடல் கல்லாகிவிடும். வெற்றிடமானியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வேண்டாம் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. இவன் எப்படியாவது பதினாலைத் தொட்டுவிட்டால் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும் என்று ஓர் எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தோடு மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முட்டுக்காடு பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்போது கட் செய்தான். இறக்கம் பெரிதில்லை, பின்னால் லோடு இருந்தது. படகுத்துறைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஒரு மிதி மிதித்தான். குறுக்கே போன ஸ்கூட்டருக்கு இன்னொரு மிதி. அதற்குள் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. மூன்றாவது மிதிக்குப் பெடல் இறங்கவில்லை. அவன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்ததை நான் பார்த்தேன். ஸ்டியரிங்கும் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்து இடது பக்க மணலில் இறக்கினான். ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் இருந்த பையைக்கூட என்னால் இன்று சொல்ல முடியும், அவ்வளவு கிட்டத்தில் போனோம். மணலில் முன் சக்கரம் புதைந்து வண்டி நின்றது. வலை அறுந்து கன்றுகள் சாலை வரை சிதறின. மச்சானின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதிப் புடைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து திட்டினார். திட்டி முடித்துவிட்டு, மச்சானின் நெற்றியைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் மணலில் உட்கார்ந்தோம். மச்சான் பாட்டிலை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அதுவரிக்கும் எவ்ளோ வந்திருக்கும் மாமா?"

அப்போதுதான் சொன்னேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"என் வண்டி பதினாலு குடுக்கல மச்சான். பத்தே முக்கால். வாங்கின நாள்லேர்ந்து பத்தே முக்கால்தான். நீ என்னைத் தாண்டி ரொம்ப நாளாச்சு."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழிமுகத்தில் ஒரு மோட்டார் படகு போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டாண்டுல எவன் சொன்னாலும் ரெண்டு கழிச்சுடுவேன் மாமா" என்றான் கடைசியில். "எங்கப்பா சொன்னாலும் கழிப்பேன். நீங்க சொன்னதுல மட்டுந்தான் கழிக்கல. அளவு ஆபீஸ்ல கீறாரே, அவரு இன்னாத்துக்குக் கூட்டிச் சொல்லப் போறாருன்னு."

எழுந்து போய்க் கன்றுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். நானும் எழுந்து பொறுக்கினேன். ஒடிந்தவற்றைத் தனியாகவும் நல்லவற்றைத் தனியாகவும் வைத்தோம். அதன்பிறகு அன்று அவன் பேசியது எல்லாம் "புடிங்க", "தூக்குங்க" மட்டும்தான்.

சண்டை எதுவும் வரவில்லை. அவன் காண்ட்ராக்டரிடம் போய், வண்டி பன்னிரண்டுதான் கொடுக்கிறது, தொகையை மாற்றிப் போட்டால்தான் ஓட்ட முடியும் என்று நேராகச் சொன்னான். அவர் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சொன்ன நேரத்துக்கு ஒடியாமல் செடி கொண்டுவருகிறவன் வேறு யாரும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்டெப்னி வண்டிக்குத் திரும்பியது. கட் பண்ணி உருட்டுவதை விட்டுவிட்டான். தொழில் நடக்கிறது, வேனுக்குத் திரும்பிப் போக வேண்டிய நிலைமை வரவில்லை. பின் சீட்டை மட்டும் எடுத்துப் போகவில்லை. பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது, இருக்கட்டும் என்றான். வீட்டுக்கு வருகிறான், காபி குடிக்கிறான், மாமா என்கிறான். எல்லாம் பழையபடியே இருப்பதாக நானும் நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், பள்ளியிலிருந்து வந்த பெண் சுருண்டு அந்தச் சீட்டில் படுத்துக்கொண்டாள். தொட்டால் சுட்டது. நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டு வெப்பமானி கடையில் வாங்கியதுதான், ஆனால் நானே சரிபார்த்து வைத்திருப்பது. அக்குளில் வைத்து, முழு நேரம் காத்திருந்து பார்த்தேன். மச்சான் கூடுவாஞ்சேரியில் செடி இறக்கிக்கொண்டிருந்தான். போன் செய்தேன்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல். நூத்திரெண்டு புள்ளி நாலு இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன், நீ நேரா அங்க வந்துடு."

அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

"சரி மாமா" என்றான். "அக்காகிட்ட குடுங்க."

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் என் கையிலிருந்த வெப்பமானியை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆமாண்டா" என்றாள். "நூத்திரெண்டு புள்ளி நாலுதான்."

"தோ வந்துகினே இருக்கேன்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. நான் குனிந்து, பெண்ணின் மேல் கிடந்த சீட் பெல்ட்டை எடுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.